பேராசிரியர் குடியாத தேத்தண்ணி

என் வயதுக்காரர்களே, நாங்கள் கிழடாகிவிட்டோம். சிரிக்காதீர்கள். போன கிழமை பஸ்ஸில் ஒரு பெடியன் என்னைப் பார்த்து, "அன்ரி, இந்த சீற்றிலை ஆரும் இருக்கினமா?" என்று கேட்டான். இறங்கும்வரை நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயதில் அன்ரி ஆனவளுக்குப் பழைய ஞாபகங்களை எழுதும் உரிமை உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன்.

எழுதப்போவது 2009ஐப் பற்றி. அந்த ஆண்டைச் சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். அணையாத தொலைக்காட்சி, பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்த அப்பாக்கள், குசினியில் மெதுவாகக் கதைத்த அம்மாக்கள். எங்கள் வீட்டிலும் அது எல்லாம் இருந்தது. ஆனால் எனக்கு அந்த ஆண்டு என்றதும் முதலில் வந்து நிற்பவர் ஓர் அமெரிக்கக் கிழவர். மோர்மன் சபைக்காரர். முப்பத்தொரு வருடம் பல்கலைக்கழகத்தில் சமயம் படிப்பித்த பேராசிரியர். லண்டனின் சட்டன் பகுதியில் எங்கள் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் குடியிருந்தார். நான்கு மாதம் எங்கள் வீட்டில் ஒரு மிடறுகூடக் குடிக்காத மனிதர்.

அவர் முதலில் வந்தது மாசி மாதப் பனியில். உங்களுக்கும் அது மறந்திருக்காது. பள்ளிக்கூடம் பூட்டினார்கள், பஸ்கள் நின்றன, தெருவே வெள்ளைப் போர்வைக்குள் படுத்துவிட்டது. பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்த அப்பா வீட்டுக்கு வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். நானும் அம்மாவும் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தால், நீண்ட கறுப்பு ஓவர்கோட் போட்ட உயரமான ஒரு மனிதர் எங்கள் வாசல் பாதையை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருக்கிறார். கோட்டில் சின்னக் கறுப்புப் பெயரட்டை ஒன்று குத்தியிருந்தது. ஹை ஸ்ரீட்டில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக இரண்டு இரண்டு பேராகத் திரிகிற அமெரிக்கப் பெடியன்களைக் கண்டிருப்பீர்களே, அவர்கள் குத்துகிற அதே அட்டை. ஓய்வுபெற்ற தம்பதிகளையும் சபை அப்படி ஊழியத்துக்கு அனுப்பும் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பாவம் மனுசன், இந்தக் குளிருக்கை," என்று அம்மா இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனா. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். "மிக்க நன்றி, வேண்டாம்," என்றார். புன்னகைத்தார். திரும்பவும் வழிக்கத் தொடங்கினார்.

இரண்டாம் முறை மனைவியோடு, அவ வீட்டில் சுட்ட பாணோடு வந்தார். அம்மா பூப்போட்ட கோப்பைகளை எடுத்தா. வேண்டாம், நன்றி. மனைவியும் வேண்டாம், நன்றி. மூன்றாம் முறைக்கு அம்மா முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தா. அமெரிக்கர் தேத்தண்ணி குடிக்கமாட்டினம், கோப்பிதான் குடிப்பினம் என்று பெற்றோல் ஸ்ரேசனில் யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் கோப்பி குடிப்பதில்லை. அவர்களுக்காகவே ஒரு போத்தல் வந்தது. அதுவும் வேண்டாம், நன்றி. மூடி திறந்த அந்தப் போத்தல் அலுமாரித் தட்டிலேயே இருந்து கல்லாக இறுகிப்போனது. ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறியபோது கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு எறிந்தோம்.

அதற்குப் பிறகு அம்மா அவர்களுக்கு ஒன்றும் நீட்டவில்லை. அவர்கள் வந்தால் வாசலிலேயே கதைத்து அனுப்பினா.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. சித்திரை மாதத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஊர்வலத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கோச் போகும். அதில் போகிறவர்களுக்காக அம்மா ஓர் இரவு வேலை முடித்து வந்து, இரண்டு பெரிய பெட்டி நிறையக் கிழங்கு ரோல்ஸ் செய்தா. அடுத்த நாள் மாலை இரண்டு பெட்டியும் அப்படியே திரும்பி வந்தன. கோச் ஒழுங்கு செய்த அன்ரி, "நிறையப் பேர் சாப்பாடு கொண்டந்திட்டினம், குறைநினைக்காதேங்கோ," என்று சொன்னாவாம். எனக்கு ஒரே சந்தோசம். மூன்று நாள் ரோல்ஸ் தின்றேன். "அம்மா, இனியும் மிச்சம் வாற மாதிரிச் செய்யுங்கோ," என்றுகூடச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று வெட்கத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால் அது லண்டனில் இல்லை என்று நினைத்தேன். அது உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

வைகாசியில் போர் முடிந்தது, எங்கள் தொலைக்காட்சியும் அணைந்தது. அந்தக் கிழமையில்தான் வகுப்பு ரீச்சர் ஆரம்பப் பள்ளியில் எங்கள் கடைசித் திட்டத்தை அறிவித்தா. அறுபது வயதுக்கு மேற்பட்ட, சொந்தமல்லாத ஒருவரின் வேலை வாழ்க்கையைக் கேட்டு எழுதவேண்டும். நல்ல மூன்று பேர் பள்ளி மண்டபத்தில் பேசலாம். எனக்கு மண்டபம் வேண்டும். எனக்கு எப்போதும் மண்டபம் வேண்டும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றப் பிள்ளைகள் பஸ் ஓட்டுநர், தபால்காரர் என்று பிடித்துக்கொண்டிருக்க, மூன்றாம் வீட்டில் என்னிடம் ஒரு பேராசிரியரே இருந்தார்!

வீட்டில் சொன்னேன். அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே, "அந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது," என்றா.

"ஏன்?"

"ஏனெண்டு கேக்கப்படாது."

அப்பா மேசையிலிருந்து, "இஞ்சேரும், பிள்ளையின்ர பள்ளிக்கூட அலுவல்," என்று தொடங்கினார்.

"ஆரோ அவருக்கு எங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டினம். எங்கட கையாலை குடிக்கமாட்டாராம்."

"விசர்க் கதை கதையாதையும். வெள்ளைக்காரனுக்கு உதுகள் தெரியுமே?"

"வேறை வெள்ளைக்காரனெண்டால் தெரியாது. இவர் ஆர்? சமயம் படிப்பிச்ச புரொபெசர். எங்கட சமயத்தையும் சேத்துத்தான் படிப்பிச்சவர். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

இப்போது யோசித்தாலும், அந்த நியாயத்தில் ஓட்டையே கிடையாது. அவர் தபால்காரராக இருந்திருந்தால் அம்மா நான்காவது கோப்பையும் நீட்டியிருப்பா.

படி மிதிக்கக்கூடாது என்றுதான் அம்மா சொன்னா. நூல்நிலையத்துக்குப் படி வேறு. பேராசிரியரும் மனைவியும் புதன்கிழமைகளில் பள்ளி விடும் நேரம் அங்கே பத்திரிகை படிக்க வருவார்கள். செம்மஞ்சள் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே போய், "உங்கள் வாழ்க்கை எனக்கு வேண்டும்," என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார். "நாற்பது வருடமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார், உட்கார் மகளே," என்றா அவ.

அந்தக் கொப்பி எங்கேயோ தொலைந்துவிட்டது. ஆனால் மண்டபத்துக்காக மனப்பாடம் செய்ததால் அவர் வாழ்க்கை முழுக்க என்னிடம் இருக்கிறது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் ஞாபகத்தில் தமிழாகிவிட்டது.

யூட்டாவில் மழை குறைந்த ஒரு பள்ளத்தாக்கில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாமவர். தகப்பன் சீனி எடுக்கிற கிழங்கு பயிரிட்டவர். பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் நின்று நெருங்கி முளைத்த நாற்றுகளைக் கலைத்துவிட வேண்டும். "கடவுளைப் பற்றி நான் முதலில் யோசித்தது முழங்காலில்தான், ஆனால் செபத்தில் இல்லை," என்றார். பத்தொன்பது வயதில் சபை அவரை இரண்டு வருடம் ஊழியத்துக்கு அனுப்பியது. எங்கே? லண்டனுக்கு! சைக்கிளில் குறொய்டன், சட்டன், பாலம் என்ற லண்டன் ஊர்களில் கதவு கதவாகத் தட்டினார். முதல் மாதம் எத்தனை கதவு என்று எண்ணினாராம். பிறகு, மனம் உடையாமல் இருக்க எண்ணுவதை விட்டுவிட்டாராம்.

பாலம் என்ற அந்த ஊரில் ஒரு கதவைத் திறந்தவர் சட்டம் படிக்க வந்த ஒரு குஜராத்தி மாணவர். உள்ளே கூப்பிட்டு, இருந்த ஒரே கதிரையைக் கொடுத்து, தான் கட்டிலில் இருந்துகொண்டு கேட்டாராம்: "என் அம்மா உங்கள் புத்தகத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் செத்துப்போனா. அவவுக்கு உங்கள் கடவுள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறார்?" சபையிடம் அதற்குப் பதில் இருந்தது. இவர் மூச்சுவிடாமல் சொன்னார். மாணவர் கடைசிவரை கேட்டார். "நல்லது. இப்போது என்னுடையதை நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன்."

திரும்பிப் போனபோது அந்தக் கதவைத் திறந்தது வேறு யாரோவாம். அந்த மாணவர் சொல்லவிருந்ததைக் கேட்காமல் போனதுதான் தன் படிப்புக்கு முழுக் காரணம் என்றார். சிக்காகோவில் சமஸ்கிருதம் படித்தார். மனைவி ஆய்வேட்டை மூன்று தரம் தட்டச்சு செய்தா, மூன்றாம் தரம் மடியில் ஒரு குழந்தையோடு. பிறகு சபையின் பல்கலைக்கழகத்தில் வேலை. காலையில் தங்கள் வேதத்தை, அதை ஏற்கனவே பாடமாக்கி வைத்திருந்த பெடியளுக்குப் படிப்பிப்பார். மத்தியானத்துக்குப் பிறகு உலக மதங்கள். எங்கள் மகள் ஏன் நாலு கை உள்ள சாமியைப் பற்றிப் படிக்கவேண்டும் என்று பெற்றோர் கடிதம் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே பதில் எழுதினார்: உங்கள் மகள் உலகத்தில்தான் வாழப்போகிறாள். ஒரு புத்தகமும் எழுதினார். "எங்கள் ஐந்து பிள்ளைகளும் வாசித்தார்கள், கட்டாயத்தின் பேரில்," என்றா மனைவி, பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல்.

"இந்தியாவுக்குப் போயிருக்கிறீர்களா?"

"பத்து நாள். மாணவர்களோடு. ஹொட்டேலும் பஸ்ஸும்."

"யாருடைய வீட்டுக்காவது?"

"இல்லை," என்றார். "இந்து வீடு எப்படி இருக்கும் என்று முப்பத்தொரு வருடம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். நான் உள்ளே வந்த முதல் இந்து வீடு உங்களுடையது."

அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். மூன்றாம் புதன்கிழமை, அந்த இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ரீச்சர் தந்த கேள்விகளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"எங்களைப் பற்றி எல்லாம் படித்ததால்தானா எங்கள் அம்மாவின் கையால் நீங்கள் ஒன்றும் குடிப்பதில்லை?"

"இன்னொரு முறை சொல்," என்றார். சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்களாம் என்றேன். யார், என்ன என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எங்கள் சபையில் தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை," என்றார். "யார் வீட்டிலும் இல்லை. என் சொந்த அம்மாவின் வீட்டிலும் இல்லை."

"அதை அம்மாவுக்குச் சொன்னீர்களா?"

"இல்லை. மரியாதையாக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். போகிற வீட்டில் நம் விதிகளைப் பெருமையாகப் பேசாதே என்று பத்தொன்பது வயதில் பழக்கினார்கள்." பிறகு மனைவியிடம் திரும்பி, "அந்தக் குஜராத்திப் பெடியனும் தேநீர்தான் வைத்தான்," என்றார். "பாலம் ஊரில். அதையும் வேண்டாமென்றேன்."

அதன் பிறகு அவர் சொன்னதை நான் கொப்பியில் எழுதவில்லை. ஒவ்வொரு மார்கழிப் பரீட்சையிலும் ஒரு கேள்வி வைப்பாராம். ஓர் ஊரில் யார் யாரைத் தாழ்வாக நினைக்கிறார்கள் என்று அறிய எதைப் பார்ப்பாய்? ஒரே வரியில் விடை எழுது. யார் கையால் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்ப்பேன் என எழுதினால் முழுப் புள்ளி.

இப்போதே உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று எழும்பிவிட்டார். மனைவிதான் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினா. "பிள்ளையிடம் கேட்டு அனுப்புங்கள். எந்த நாள் வரலாம் என்று இவளுடைய அம்மா சொல்லட்டும்."

வீட்டில் எனக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுதவில்லை. ஏசி முடித்து நெடுநேரம் கழித்து, அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னா: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரச்சொல்லு. எனக்கு வேலையில்லை. தேத்தண்ணி குடிக்காட்டிக்கு விடட்டும். தண்ணி குடுப்பன். குடிக்கட்டும் பாப்பம்."

"என்ன, சோதினை வைக்கிறீரோ?" என்றார் அப்பா.

"ஓம். முப்பத்தொரு வருசம் ஊருக்கெல்லாம் சோதினை வைச்சவர்தானே."

(மண்டபத்தில் நான் பேசியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து நிமிடம் தந்தார்கள், ஒன்பது நிமிடம் எடுத்தேன். இந்தக் கதை அதில் இல்லை. கைதட்டு பெரிதாகவே விழுந்தது.)

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்தார்கள். அவர் கறுப்பு சூட், அட்டை, புதிதாக வாரிய வெள்ளைத் தலை. அம்மா வீட்டில் நிற்கிற நாளில் கட்டாத நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தா. பூக்கோப்பை இல்லை. நாங்கள் நாளாந்தம் குடிக்கிற சில்வர் ரம்ளர் இரண்டு. குழாயில் பிடித்த தண்ணீரை அவர்கள் பார்க்கவே ஊற்றி, ஒன்றை அவருக்கு, ஒன்றை அவவுக்கு நீட்டினா.

பேராசிரியர் ரம்ளரை வாங்கினார். மனைவி அவருடைய கைமுட்டியைத் தொட்டு, மெதுவாக, "இன்று முதல் ஞாயிறு," என்றா. எனக்குக் கேட்டது. அவர் ஒரு கணம் ரம்ளருக்குள் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார். அதையும் குடித்தார்.

அம்மாவின் முகம் இளகத் தொடங்கியது. அதற்குள் கண் மற்ற ரம்ளரில் விழுந்தது. மனைவி குடிக்கவில்லை.

"அவ?" என்றா அம்மா என்னிடம். அந்த இரண்டெழுத்துச் சொல்லில் நான்கு மாதமும் திரும்பி வந்தது.

மனைவி ரம்ளரை மேசையில் வைக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்தபடியே என்னிடம் சொன்னா. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். நேற்று மாலையிலிருந்து இன்று மாலைவரை உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆறு மணிக்கு முடியும். முடிந்ததும் இந்தத் தண்ணீரைத்தான் முதலில் குடிப்பேன் என்றா.

"அம்மா, இண்டைக்கு அவைக்கு விரதமாம். பச்சைத் தண்ணியும் குடிக்கக்கூடாதாம்."

"விரதமோ!" அம்மா தலையில் கை வைத்தா. "ஐயோ கடவுளே, விரதகாரனுக்கே நான் தண்ணி ஊத்தினனான்? ரெண்டு தரம்!" அடுத்த நிமிடம் கை தலையிலிருந்து இறங்கி, விரல் பேராசிரியரை நோக்கி நீண்டது. எங்கள் அம்மா வெளி ஆட்களிடம் குரல் உயர்த்தியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அதைச் சொன்னால் எனக்கு விளங்காதோ? வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள் நான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணியும். தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டால் குடிக்கிறேல்லை எண்டு சொல்லோணும். விரதமெண்டால் விரதமெண்டு சொல்லோணும். இவ்வளவு படிச்ச மனுசனுக்கு வாய் என்னத்துக்கு இருக்கு?"

பேராசிரியர் நேராக நின்று முழுவதையும் கேட்டார், ஒரு சொல்லும் விளங்காமல். பிறகு என்னைப் பார்த்தார். வழக்கமாக வீட்டில் மொழிபெயர்க்கும்போது கூர்மையானதைக் கொஞ்சம் மழுக்கித்தான் சொல்வேன். கவுன்சில்காரருக்கு அப்படித்தான், டொக்டருக்கும் அப்படித்தான். அன்று ஒன்றையும் மழுக்கவில்லை. வாய் என்னத்துக்கு என்பதையும் சொன்னேன்.

"அவ சொல்வது சரி," என்றார். "என் பரீட்சைக் கேள்விக்கு இந்த முறை நானே விடை எழுதினேன் என்று சொல்."

சொன்னேன். அம்மா யோசித்தா.

"எத்தினை மாக்ஸ் போடுவாராம்?"

"தண்ணீருக்குப் பத்து," என்றார் அவர். "தேநீருக்குப் பூச்சியம்."

அப்பாதான் முதலில் சிரித்தார். அந்த வைகாசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா சிரிக்கவில்லை, சட்டம் போட்டா. "ஆறு மணிக்கு ரெண்டு பேருக்கும் இஞ்சதான் சாப்பாடு. இவர் இடையிலை குடிச்சாலும் ஆறு மணிதான் இவருக்கும். முறிஞ்ச விரதத்தை முறிஞ்சதிலை இருந்தாவது ஒழுங்காப் பிடிக்கட்டும்."

இரண்டு மணிநேரம் இருந்தார்கள். வெங்காயம் வதங்கும் வாசம் வந்தபோது பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஆறுக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். மனைவி முதலில் அந்த ரம்ளர்த் தண்ணீரைக் குடித்தா. அதுவரை அம்மா கரண்டியைத் தூக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் பரிமாறிவிட்டுக் கடைசியில் குசினியில் நின்று சாப்பிடுவதுதான் அம்மாவின் வழக்கம். அன்று ஐந்தாவது கதிரையை இழுத்துப்போட்டு, தன் தட்டிலும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா.

பேராசிரியர் கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார். இடையில் என்னிடம், "உன் அம்மாவிடம் கேள். எனக்கு முன் உண்மையாகவே யாராவது அப்படி..." என்று தொடங்கினார்.

நான் வாயைத் திறந்தேன்.

"விளங்குது. நீ விடு," என்றா அம்மா. அவரைப் பார்த்து, தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னா: "மை ஃபாதர். மார்க்கெற். ரீ ஷொப். ஓல் பீப்பிள் இன்சைட், கிளாஸ். மை ஃபாதர் அவுட்சைட், ரின். ஹீ வொஷ். ஹீ ஹாங் ஓன் த வோல். நெக்ஸ்ற் டே, சேம் ரின்."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்களுக்குக் கிளாஸ், வெளியே நின்ற அம்மப்பாவுக்குத் தானே கழுவிச் சுவரில் தொங்கவிடும் தகரப்பேணி. எனக்கு அது வரை அவரைப் பற்றித் தெரிந்தது, அவர் உயரமானவர், நன்றாகச் சைக்கிள் ஓடுவார் என்பது மட்டும்தான்.

பேராசிரியர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏதோ சொல்ல வந்தார். அம்மா இடது கையை உயர்த்தி அதை நிறுத்தினா.

"திஸ், மை ஹவுஸ்," என்றா. "யூ வோன்ற், ஐ கிவ். யூ நோ வோன்ற், யூ ரெல் வை."

"யெஸ், மாம்," என்றார் அவர், பத்தொன்பது வயதுப் பெடியனைப் போல.

அதில் எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மா பருப்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளினா. அவர் வேண்டும் என்றார்.